ஆடிப்பட்டத்துக்கு ஆயத்தம்: கோடையின் கடைசியில் குடும்பமாக மாடித்தோட்டம் தொடங்குதல்

கோடை விடுமுறையில்தான் பெரும்பாலான வீடுகளில் மாடித்தோட்டப் பேச்சு எழுகிறது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். வத்தலும் வடகமும் காயப்போட மாடிக்கு ஏறும் பெரியவர்களின் கண்ணில் மீதி இடம் வெறுமனே கிடப்பது படுகிறது. சந்தையில் காய்கறி விலை ஏறியிருப்பதும் அந்தப் பேச்சுக்கு வேகம் கொடுக்கிறது. அந்த வேகத்திலேயே மே மாத நடுவில் நாற்றுப்பண்ணைக்குப் போய்ப் பத்துச் செடிகளை வாங்கிவந்து நட்டுவிடுகிறார்கள். அவற்றில் பாதி ஒரே வாரத்தில் கருகிவிடுகின்றன. பிழைத்த மீதி, பூவெடுத்துப் பூவை உதிர்த்தபடியே நிற்கின்றன. ஜூனில் பள்ளி திறந்ததும் செடிப் பைகள் ஒரு மூலையில் அடுக்கப்பட்டுவிடுகின்றன.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: கோடையின் கடைசி வாரங்களில் விதைக்காதீர்கள், தயார் செய்யுங்கள். உரம், மண், விதை, பந்தல் ஆகிய நான்கும் வைகாசியிலும் ஆனியிலும் முடிந்திருந்தால், ஆடியில் விதைப்பது ஒரு மாலை நேர வேலையாக முடிந்துவிடும். வீட்டில் ஆள்பலம் இருப்பதும் அந்த வாரங்களில்தான்.

முதலில் நாள்கணக்கு

அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்கி அந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதன் பிறகும் சென்னை, வேலூர், திருச்சி, மதுரை போன்ற இடங்களில் ஜூன் முழுவதும் வெயில் குறையாது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் வெக்கையாகவே இருக்கும்போது தக்காளியிலும் மிளகாயிலும் மகரந்தம் சரிவரச் செயல்படாததால் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்கின்றன. சிமெண்டுத் தளத்தின் மேல் வைத்த பைக்கோ மேலிருந்து வெயிலும் கீழிருந்து தளத்தின் சூடும் சேர்ந்து தாக்கும். தரைத்தோட்டத்தில் வேர் ஆழத்துக்குப் போய்த் தப்பிக்கும். பைக்குள் இருக்கும் வேருக்கு அந்த வழி கிடையாது.

ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது நிலைமை மாறியிருக்கும். கோவை, தென்காசி, கன்னியாகுமரி வட்டாரங்களில் தென்மேற்குப் பருவமழையின் சாரலும், வட மாவட்டங்களில் மாலை நேர இடிமழையும் சூட்டைத் தணித்திருக்கும். அப்போது விதைத்தால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் செடிகள் வேரூன்றி, பெரும்பாலானவை காய்ப்புக்கும் வந்துவிடும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மானாவாரி உழவருக்குச் சொல்லப்பட்டதானாலும் மாடிக்கும் பொருந்துகிறது. தூத்துக்குடி, இராமநாதபுரம் போன்ற வறண்ட கடற்கரைப் பகுதிகளில் ஆடியிலும் வெயிலும் காற்றும் கடுமையாக இருக்கும் என்பதால், அங்கே ஆடிக் கடைசி வரை பொறுத்திருப்பதும் தவறில்லை.

மே மாதத்தில் விதைக்காமல் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த மாதத்தில்தான் தாத்தா பாட்டி வீடு, குலதெய்வம் கோயில், உறவில் திருமணம் என்று குடும்பம் ஊர் ஊராகப் போகிறது. மாடியில் செடி இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்ற யாரை ஏற்பாடு செய்வது என்ற கவலை இல்லை.

பிள்ளைகளால் இரண்டு மாதம் பொறுக்க முடியாது என்றால் அவர்களுக்குச் சிறுகீரை போதும். அகலமான தொட்டி ஒன்றில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் தூவிவிட்டால் 20 முதல் 25 நாட்களில் வேரோடு பிடுங்கிச் சமைக்கலாம். மே முதல் வாரத்தில் தூவியது பள்ளி திறப்பதற்குள் குழம்புக்கு வந்துவிடும்.

தளமும் வெயிலும்

எந்தப் பொருளையும் வாங்கும் முன் ஒரு நாள் முழுவதும் மாடியைக் கவனியுங்கள். காய்கறிச் செடிக்கு நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுச் சுவரின் நிழலும் எந்நேரத்தில் எங்கே விழுகின்றன என்பதைப் பிள்ளைகளிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துத் தளத்திலேயே கோடு போடச் சொல்லலாம். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு ஆகிய மூன்று வேளைக் கோடுகள் போதும். பகல் கோட்டைப் பெரியவர் ஒருவர், செருப்புப் போட்டுக்கொண்டு போய் வரைய வேண்டும்.

அடுத்தது பாரம். வெறும் மண்ணால் நிரப்பித் தண்ணீர் ஊற்றிய 20 லிட்டர் பை 30 கிலோவைத் தாண்டும். கீழே சொல்லியிருக்கும் கலவையில் அதே பை ஏறத்தாழ 20 கிலோவுக்குள் நிற்கும். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் உத்தரமும் செல்லும் ஓரங்களில் வரிசையாக வைக்க வேண்டும். ஏற்கெனவே நீர் கசியும் தளமானால் அதைச் சரிசெய்த பிறகே தோட்டம். கோடையின் கடைசி வாரங்கள்தாம் தட்டோடு ஒட்டுவதற்கும் நீர்த்தடுப்புப் பூச்சு அடிப்பதற்கும் ஏற்ற காய்ச்சலான நாட்கள். தோட்டம் என்றாலே ‘வீடு ஒழுகும்’ என்று மறுக்கும் பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பைகளை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கற்களின் மேலோ இரும்புத் தாங்கியின் மேலோ வைத்து, அடியில் காற்றும் துடைப்பமும் போக இடம் விட்டால் தளம் ஈரம் பிடிக்காது. மழைநீர் வடியும் குழாயின் வாயைச் சுற்றி எதையும் வைக்காதீர்கள்.

வத்தலுக்கு இடம் ஒதுக்குவதையும் மறக்கக் கூடாது. மோர்மிளகாயும் கொத்தவரை வத்தலும் காயும் இடம் மாடியிலேயே நல்ல வெயில் படும் இடமாக இருக்கும். செடியும் அதையேதான் கேட்கும். ஆனி மேகத்துக்கு முன் வத்தல் வேலை முடிந்துவிடுவதால், பைகளை அதுவரை ஓரத்தில் அடுக்கிவைத்துவிட்டு ஆடியில் பரப்பினால் இரண்டுக்கும் வழி பிறக்கும்.

மாம்பழத் தோலில் தொடங்கும் உரம்

மே மாதத்தில் ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து வெளியேறும் கழிவைப் பாருங்கள்: மாம்பழத் தோல், பலாச் சக்கை, தர்பூசணி ஓடு, வெள்ளரித் தோல், நுங்கு மட்டை. வருடத்தின் வேறெந்த மாதத்திலும் இவ்வளவு சேராது. சமையலறைக் கழிவு மக்கி உரமாக வெயில் காலத்தில் சுமார் 60 நாட்கள் ஆகும். மே நடுவில் நிரப்பி முடித்த வாளி ஆடி பிறக்கும்போது தயாராகிவிடும் என்பதால், முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுவே.

பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு போதும். நன்றாகக் கழுவி, பக்கங்களிலும் அடியிலும் விரல் நுழையாத அளவுக்குத் துளைகள் போட வேண்டும். கம்பியைச் சூடாக்கித் துளைபோடும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ பரப்பி, அதன்மேல் அன்றன்றைய கழிவைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டு, ஒவ்வொரு முறையும் அதே அளவு சருகால் மூட வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பழக்கழிவில் நீரும் இனிப்பும் மிகுதி. சருகு குறைந்தால் அது மக்காமல் புளித்து நாறும், பழ ஈக்கள் மொய்க்கும், வீட்டில் எதிர்ப்புக் கிளம்பும், வாளி குப்பை வண்டிக்குப் போய்விடும். வேம்பும் புங்கனும் கோடைக்கு முன் உதிர்த்த சருகைத் தெருவிலிருந்து ஒரு சாக்கு அள்ளி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது.

புளித்த மோரில் தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை தெளிப்பதும், குச்சியால் கிளறிவிடுவதும் மக்குவதை விரைவுபடுத்தும். ஒரு கைப்பிடியை எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. எண்ணெய்ப் பண்டம், மீன் கழிவு, சமைத்த சோறு ஆகியவற்றை முதல் வாளியில் சேர்க்க வேண்டாம். மாங்கொட்டை இரண்டு மாதத்தில் மக்காது என்பதோடு, வாளிக்குள்ளேயே செந்நிறத் தளிரோடு முளைத்தும் விடும். பிள்ளைகள் அதைப் பிடுங்க விடமாட்டார்கள். தனியாக ஒரு பையில் நட்டுக் கொடுத்துவிடுங்கள்.

முதல் வாளி நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்க வேண்டும். நிரம்பிய வாளியில் புதிய கழிவு சேர்ந்துகொண்டே இருந்தால் அது எந்நாளும் உரமாகாது. கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண்ணின் வாடை வந்தால் உரம் தயார்.

மண்ணும் கலவையும்

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு என்பதே தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற கணக்கு. இதோடு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள். மண்ணே இல்லாத கலவைகளையும் கடைகளில் விற்கிறார்கள்; எடை குறைவுதான், ஆனால் அவற்றில் ஈரமும் சத்தும் விரைவில் தீர்ந்துவிடுவதால் அடிக்கடி ஏதாவது ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். புதியவர்களுக்கு அவை ஏற்றவை என்று எனக்குத் தோன்றவில்லை.

வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில் நூற்புழுவும் களைவிதையும் பூஞ்சாணமும் இருக்கலாம். இவற்றை ஒழிக்கக் கத்திரி வெயிலைவிடச் சிறந்த மருந்தில்லை. மண்ணைக் கையளவு உயரத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் வெள்ளைப் பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களில் கல் வைத்து மூன்று, நான்கு வாரம் விட்டுவிட வேண்டும். கறுப்பு விரிப்பைவிட ஒளி ஊடுருவும் விரிப்பின் அடியில்தான் மண் அதிகம் சூடேறும். காய்ந்த மண்ணில் இது சரியாகப் பலிக்காது. ஈரம்தான் சூட்டை உள்ளே கொண்டுசெல்கிறது. இதில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் குறைந்துவிடுவதால் மக்கிய உரத்தையும், அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூள்களையும் இந்தக் காய்ச்சல் முடிந்த பிறகே கலக்க வேண்டும்.

நார்க்கழிவு 5 கிலோ கட்டியாகக் கிடைக்கும். ஊறவைத்தால் 60, 70 லிட்டர் அளவுக்குப் பெருகும் என்பதால் பெரிய தொட்டியில் போட வேண்டும். கட்டி தண்ணீரைக் குடித்துப் பொருமி உடைவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வெயில் நாளில் அவர்கள் விரும்பிச் செய்யும் வேலையும் அதுதான். உப்பு இருக்கும் என்பதால் ஊறவைத்த நீரை வடித்துவிட்டு இரண்டு முறையாவது அலசியே பயன்படுத்த வேண்டும். அலசாத நார்க்கழிவில் இலை நுனிகள் கருகும். அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள்.

கலவையைப் பைகளில் நிரப்பி, விளிம்புக்குக் கீழே நான்கு விரற்கடை விட்டு, விதைப்புக்குப் பத்து நாள் முன்பிருந்தே லேசாக நனைத்து வைக்க வேண்டும். பச்சையான புண்ணாக்கு மக்கும்போது எழும் சூடு அதற்குள் அடங்கிவிடும்.

விதை: ஊரிலிருந்தும் கடையிலிருந்தும்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் விதையைத் தேடி அலைய வேண்டியதில்லை. சமையலறை உத்தரத்தில் தொங்கும் பீர்க்கு நெற்று, சாம்பலில் புரட்டி வைத்த அவரை விதை, சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டிய பூசணி விதை ஆகியவை இன்றும் பல கிராமத்து வீடுகளில் உண்டு. கேட்டால் கொடுப்பார்கள்; எப்போது போட வேண்டும், எவ்வளவு படரும் என்று கூடவே சொல்லியும் அனுப்புவார்கள். அதை ஒரு காகிதத்தில் எழுதி விதையோடு கட்டிவைக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெயரெழுதாத பொட்டலங்கள் வீடு வந்து சேர்ந்ததும் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

கடையில் வாங்குவதானால் பொட்டலத்தில் அச்சிட்ட காலாவதி நாளைப் பாருங்கள். ஒட்டுரக விதை நன்றாகக் காய்க்கும், ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை அதே குணத்தோடு வராது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 தக்காளி, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா வெண்டை போன்றவற்றில் விதை எடுத்து மறுபடி விதைக்கலாம். இளஞ்சிவப்போ நீலமோ பூசிய விதை நச்சு மருந்து கலந்ததாக இருக்கும் என்பதால் அதைச் சிறு பிள்ளைகளின் கையில் தரக் கூடாது.

எந்த விதையானாலும் ஆனியிலேயே முளைப்பு சோதித்துவிடுங்கள். பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி, காய்ந்துவிடாமல் தெளித்துவந்தால் வெண்டை, கொத்தவரை ஆகியவை நான்கைந்து நாளிலும், கத்தரி, தக்காளி ஆகியவை ஒரு வாரம் பத்து நாளிலும் முளைவிடும். ஏழுக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. நான்கைந்துதான் என்றால் குழிக்கு இரண்டு மடங்கு போட வேண்டும். அதற்கும் கீழே என்றால் வேறு விதை தேட இன்னும் நாள் இருக்கிறது. அம்மன் கோயில்களுக்கு வளர்க்கும் முளைப்பாரியில் அந்த ஆண்டின் விதைநெற்றைச் சோதித்துப் பார்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு.

எந்தக் காய், எத்தனை செடி

ஆசைக்கு ஒன்றாகப் பத்து வகையில் பத்துச் செடி வைப்பது, காட்சிக்குச் சரி, குழம்புக்குச் சரிப்படாது. ஒரு வெண்டைச் செடி இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு காய்தான் தரும். நான்கு பேருக்கு ஒரு வேளைப் பொரியலுக்காவது வர வேண்டுமானால் எட்டுச் செடி தேவை. கத்தரியில் மூன்று செடி இருந்தால் வாரம் ஒரு எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ஆகும். மிளகாய் இரண்டு, தக்காளி மூன்று. கொத்தவரை வெயிலைத் தாங்கும், நோய் குறைவு, நெருக்கமாகவும் வளரும் என்பதால் புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். பிள்ளைகள் அந்தக் காயைத் தொடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கொடிக்காயில் முதல் பருவத்துக்குப் புடலை, பீர்க்கு, பாகல் ஆகிய மூன்றில் ஒன்று போதும். அவற்றுக்கு 40 லிட்டருக்குக் குறையாத பை வேண்டும். அவரையில், படராமல் குத்துச்செடியாக நிற்கும் குற்றவரை எப்போதும் காய்க்கும். பந்தல் அவரை, பகல் குறுகிய நாட்களில் மட்டுமே பூக்கும். ஆடியில் போட்டால் கார்த்திகைக்குப் பிறகுதான் பூவைக் காண முடியும். இது தெரியாமல் புரட்டாசியில் ‘மலட்டுக் கொடி’ என்று வெட்டியெறிபவர்கள் உண்டு.

கீரைக்கு அகலமான, ஒரு சாண் உயரத் தொட்டிகள் இரண்டு. ஒன்றில் அரைக்கீரை விதைத்தால் வெட்ட வெட்டத் துளிர்க்கும். மற்றொன்றில் சிறுகீரையோ முளைக்கீரையோ மாற்றி மாற்றித் தூவலாம்.

நாற்றும் நடவும்

ஆடி முதல் வாரத்தில் நட வேண்டுமானால் நாற்றங்கால் வேலை ஜூனிலேயே தொடங்க வேண்டும். மிளகாய் நாற்றுக்கு 35 முதல் 40 நாட்கள், கத்தரிக்கு 30, தக்காளிக்கு 25. ஆகவே ஜூன் இரண்டாம் வாரத்தில் மிளகாயையும், அடுத்த வாரம் கத்தரியையும், கடைசி வாரத்தில் தக்காளியையும் குழித்தட்டில் இடுங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். முளைக்கும் வரை ஈரச்சாக்கு போட்டு மூடி நிழலில் வைத்து, முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து தட்டைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

நடுவதற்கு முன் பந்தலைப் போட்டுவிடுங்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மாடியில் அந்தக் காற்றுக்குத் தடுப்பே கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரில் உள்ள கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலும், செங்கோட்டைக் கணவாய்க் காற்று வீசும் தென்காசிப் பக்கத்திலும் இதைக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். நான்கு பெரிய பைகளில் மண்ணோடு சவுக்குக் கம்பு ஊன்றி, மேலே கயிறு பின்னினால் சின்னப் பந்தல் ஆகிவிடும். கைப்பிடிச்சுவருக்கு அருகே கம்பை ஊன்றிச் சுவரோடு கட்டினால் இன்னும் உறுதி. தக்காளிக்கும் கத்தரிக்கும் நட்ட அன்றே பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றிவிட வேண்டும். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும்.

நாற்றை மாலையில் நடுங்கள். லிட்டர் நீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து வேரைச் சிறிது நேரம் நனைத்து நட்டால் அழுகல் நோய் குறையும். வெண்டை, கொத்தவரை, கொடி வகை ஆகியவற்றைப் பிடுங்கி நடக் கூடாது. நேரே பையிலேயே ஊன்ற வேண்டும். வெண்டை விதையை முந்தின இரவே ஊறவைத்து, பைக்கு மூன்று விதை ஊன்றி, முளைத்த பின் திடமான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். பிள்ளைகள் கிள்ள மறுத்தால் அந்த ஒரு வேலையை அவர்கள் பள்ளிக்குப் போன பிறகு செய்யலாம்.

தண்ணீரும் பொறுப்பும்

விடுமுறையில் எல்லோரும் தண்ணீர் ஊற்றுவார்கள். பள்ளி திறந்ததும் யாரும் ஊற்றமாட்டார்கள். எனவே ஆனியிலேயே முறை வகுத்துவிடுவது நல்லது. காலை ஏழு மணிக்கு முன் ஊற்றுவது, வீட்டில் முதலில் எழுபவரின் வேலை. அது பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோதான் என்பதால் அவர்கள் குனியாமல் ஊற்றும்படி ஒரு பூவாளியும், படியேற முடியாதவர்களானால் கீழேயே நாற்றுத்தட்டுப் பொறுப்பும் கொடுக்கலாம். பூச்சி பார்ப்பதும் காய் பறிப்பதும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு. உரம் இடுவதும் பந்தல் கட்டுவதும் ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். வெயில் நாளில் குழாயைத் திறந்ததும் செடிக்குப் பிடிக்காதீர்கள். வெயிலில் கிடந்த குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வரும். முதலில் வாளியில் பிடித்து ஆறவிட்டு, பிறகு வருவதை ஊற்ற வேண்டும். அரிசி களைந்த நீரை ஊற்றலாம். சோப்பு கலந்த பாத்திரம் கழுவிய நீர் கூடாது. பை முழுவதும் காய்ந்து கலவை சுருங்கிவிட்டால் மேலே ஊற்றும் நீர் ஓரமாக வழிந்து அடியில் வெளியேறிவிடும். அப்போது நீரைச் சிறிது சிறிதாகப் பலமுறை ஊற்றியோ, சிறிய தொட்டியானால் நீருள்ள தாம்பாளத்தில் வைத்தோ ஊறவிட வேண்டும். சருகை மூடாக்காகப் போட்டால் பாதித் தொல்லை குறையும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி உரம் போட்டுக் கிளறிவிடுங்கள். கொடுமுடி மருத்துவர் நடராஜன் உருவாக்கிப் பரப்பிய பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிப்பது பலரும் பின்பற்றும் முறை. வாடை காரணமாக அடுக்குமாடிக் குடியிருப்பில் அதைச் செய்வதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

பூச்சிக்கு மருந்தைவிடக் கண்தான் முக்கியம். தினமும் இலையைத் திருப்பிப் பார்த்தால் அசுவினியும் மாவுப்பூச்சியும் ஓர் இலையளவில் இருக்கும்போதே தெரிந்துவிடும், ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மீறிப் போனால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெண்டையின் இலை நரம்புகள் வலைபோல மஞ்சளாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அதற்கு மருந்தில்லை, செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தி, மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள்.

பூவும் பறிப்பும்

கீரை ஆடிக் கடைசியிலேயே கிடைத்துவிடும். வெண்டையும் கொத்தவரையும் 45, 50 நாளில், அதாவது ஆவணி மூன்றாம் வாரத்தில் வரும். தக்காளியும் கத்தரியும் புரட்டாசிக்கு.

கொடியில் பூ நிறையப் பூத்தும் பிஞ்சு நிற்கவில்லை என்பது மாடியில் வழக்கமாகக் கேட்கும் குறை. அந்த உயரத்துக்குத் தேனீயும் வண்டும் குறைவாகவே வரும். பீர்க்கம்பூ மாலை ஐந்து மணிவாக்கில் மலர்வதால் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளே அதைக் கவனித்துக்கொள்ளலாம். பூவின் அடியில் விரல்நுனி அளவுக்குக் காயின் வடிவம் தெரிந்தால் பெண் பூ. வெறும் காம்பானால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்து, நடுவில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும் பகுதியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு எடுத்தால் போதும். மூன்று நான்கு நாளில் பிஞ்சு காம்போடு தடித்துக் கீழ்நோக்கித் தொங்கினால் பிடித்துவிட்டது; மஞ்சளித்துச் சுருங்கினால் பிடிக்கவில்லை. பாகற்பூ காலையில் மலரும். அதைப் பள்ளிக்குக் கிளம்பும் முன் செய்துவிட வேண்டும். புடலைப் பூ இரவில் மலர்வதால் படுக்கப் போகும் முன் கைவிளக்கோடு ஒருமுறை மாடிக்கு ஏற வேண்டியிருக்கும்.

வெண்டையை நுனி ஒடித்துப் பார்த்துப் பறியுங்கள். ஒடியாமல் வளைந்தால் முற்றிவிட்டது. ஒரு செடியில் முற்றிய காய்களை விட்டுவைத்தால் அது புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே விதைக்காக ஒரே ஒரு நல்ல செடியைத் தேர்ந்து, துணி கட்டி அடையாளமிட்டு, அதை மட்டும் நெற்றாக விடுங்கள்.

அக்டோபர் பிறந்ததும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு பையின் அடித்துளையிலும் ஒரு குச்சியை விட்டு அடைப்பை நீக்குங்கள். மூடாக்குச் சருகை எடுத்துவிட்டு, கரைந்து இறங்கிய கலவைக்கு மேல் இரண்டு கைப்பிடி உரம் சேர்த்து, நாற்றுத்தட்டுகளையும் கீரைத் தொட்டிகளையும் கூரை விளிம்பிலிருந்து நீர் கொட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மழைநீர் வடிகுழாயின் வாயில் சல்லடை பொருத்தி, மழை விட்ட ஒவ்வொரு காலையும் அதில் சேர்ந்த சருகை அள்ளிவிட வேண்டும்.